தீட்டும் தொற்றும்

நம்மவரிடையே இரண்டு சொற்கள் ஒன்றின் உடையை மற்றொன்று உடுத்திக்கொண்டு நெடுங்காலமாக உலவி வருகின்றன. ஒன்று தீட்டு, மற்றொன்று தொற்று. சாவு வீட்டிற்குச் சென்று வந்தவன் தீட்டு, பிள்ளை பெற்றவள் தீட்டு, மாதவிலக்கானவள் தீட்டு, தோல் உரிப்பவனும் துணி வெளுப்பவனும் மலம் அள்ளுபவனும் பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள் வரை தீட்டு. இவ்வழக்கத்தை இன்னும் ஏன் சுமக்கிறீர் என்று வினவினால், 'சாஸ்திரம் சொல்கிறது' என்பதே முன்னாளில் வந்த விடை. அவ்விடைக்குச் செல்வாக்குக் குன்றிய பின்னர் வேறொரு விடை பிறந்திருக்கிறது. 'ஐயா, இவற்றை மூடப்பழக்கம் என்று எண்ணிவிடாதீர். நம் முன்னோர் கிருமிகளை அறிந்திருந்தனர். கிருமி என்றால் பாமரர்க்கு விளங்காதென்று தீட்டு என்று சொல்லி வைத்தனர். மேனாட்டார் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டதை அவர்கள் ஞானக்கண்ணால் அன்றே கண்டனர்' என்று கற்றவர்களே மேடையேறிக் கூறுகின்றனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபொழுது இக்கூற்று முன்னிலும் உரத்து ஒலித்தது. எட்ட நின்று கும்பிடுவதும் தொடாமல் ஒழுகுவதும் நம் பண்டை விஞ்ஞானம் என்று பலர் பெருமை பேசினர்.

இக்கூற்றை ஆராயாமல் விடுதல் தகாது. இது பழைய நஞ்சைப் புதிய மருந்துப் புட்டியில் அடைத்து விற்கும் வாணிகம். தீட்டு என்பது கிருமியைப் பற்றிய அறிவே என்று ஒப்புக்கொண்டால், தீண்டாமையும் ஒரு சுகாதார முறை என்றாகிவிடும். அதனை எதிர்ப்பவன் சுகாதாரம் அறியாதவன் என்றும் ஆகிவிடும். ஆகவே, நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் கண்டவை யாவை, அவற்றின் முன்னே தீட்டுக் கொள்கை நிற்குமா, நோய்க்கு அஞ்சும் மனிதன் சக மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்னும் மூன்றையும் இங்கு எண்ணிப் பார்ப்போம்.

முதலாவதாக, கிருமி என்பதையே நாம் ஒரு வசைச்சொல் ஆக்கிவிட்டோம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் பல திறத்தன. தாமே உண்டு தாமே பெருகும் பாக்டீரியா ஒரு வகை. காளான், பூஞ்சணம், ஈஸ்ட் என்பன ஒரு வகை. பிற உயிரணுவின் உள்ளே புகுந்தாலன்றிப் பெருகமாட்டாத வைரஸ் மற்றொரு வகை. மண்ணிலும் நீரிலும் விலங்கின் குடலிலும் நம் தோலிலும் இவை நிறைந்துள்ளன. இவற்றுள் நமக்கு நோய் தருவன மிகச் சிலவே. இரவில் அரைத்து வைத்த தோசை மாவு விடியலில் பொங்கி நிற்பது இவற்றின் உழைப்பால். பால் தயிராவதும் இவற்றின் உழைப்பால். மங்கில் வடிந்த ரப்பர்ப் பால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கட்டியாவதற்கும் பாக்டீரியா உண்டாக்கும் அமிலம் ஒரு காரணம். அதனைத் தடுக்கவே பாலில் அமோனியா சேர்க்கிறார்கள் என்பதைத் தோட்டத்துத் தோழர்கள் அறிவர்.

இந்நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. காடு திருத்திய இடங்களிலும் லாலான் புல் மண்டிய இடங்களிலும் எலிகளின் மேல் ஒட்டி வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஒரு கொடுங்காய்ச்சல் வரும். தோட்டத் தொழிலாளரும் போர்வீரரும் அதனால் மாண்டனர். கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் அதனை நெடுங்காலம் ஆராய்ந்து வந்தனர். 1948-இல் அவர்களும், ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழுவினரும் ஒரு புதிய மருந்தை அந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். காய்ச்சல் விரைவில் தணிந்தது. குளோராம்ஃபெனிக்கால் எனப்படும் அம்மருந்து வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெற்றது. நோய் தந்ததும் நுண்ணுயிர். அதைத் தீர்த்ததும் நுண்ணுயிர். ஆகவே, இவ்வுலகில் பிறவியால் மேல், பிறவியால் கீழ் என்ற பகுப்பு இல்லை. எந்த உயிர், எந்த இடத்தில், எந்த வழியாக, யாரை அடைந்தது என்பது ஒன்றே கேள்வி.

இக்கேள்வியைக் கேட்கத் துணிந்த ஒருவர் பட்ட பாட்டையும் நாம் அறிதல் வேண்டும். ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் பிள்ளைப்பேறு பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். கற்றோர் பார்த்த விடுதியிலேயே தாய்மார் மிகுதியாக மாண்டனர். அங்கே சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மன்றாடினர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் இதன் காரணத்தைத் தேடினார். வைத்தியர்கள் பிணத்தை அறுத்து ஆராய்ந்த கையோடு பிரசவ விடுதிக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. வேற்றுமை இதுவே என்று கண்டார். 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டுமென்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் நூற்றுக்கு இரண்டாக இறங்கியது.

இறங்கியும் பயன் யாது? பெரிய வைத்தியர் பலர் அதை ஒப்பவில்லை. கனவான்களின் கை கொலைக் கையாகுமா என்பது அவர்களுடைய உள்ளத்தில் இருந்த தடை. செம்மல்வைஸ் 1865-இல் ஒரு பைத்தியக்கார விடுதியில் மாண்டார். இக்கதையில் நமக்குரிய பாடம் யாது? நம் நாட்டிலும் மருத்துவச்சியைக் கீழ்ச்சாதி என்று வைத்தோம். பிள்ளையை ஏந்திய கையைத் தீட்டு என்றோம். ஆனால் வியன்னாவில் சாவைச் சுமந்து வந்த கை உயர்ந்தோரின் கை. உயிரைக் காத்தது மருத்துவச்சியின் கை. ஒருவர் யார் என்று கேட்டிருந்தால் இவ்வுண்மை ஒருநாளும் வெளிப்பட்டிராது. கை எங்கே இருந்து வந்தது என்று கேட்டதனாலேயே வெளிப்பட்டது.

இனி, நம் வாசலிலேயே நிகழ்ந்த ஒன்றுக்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர்க்கு மூளைக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல், தலைவலி, மயக்கம், பின்னர் நினைவிழப்பு, பலருக்குச் சாவு. ஆண்டின் இறுதியில் அது நெகிரி செம்பிலானில் சிக்காமாட்டிலும், பின்னர்ப் பன்றி வளர்ப்பு மிகுந்த புக்கிட் பெலாண்டோக்கிலும் தோன்றியது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். அம்முடிவிற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்நோயின் வைரஸும் பன்றியின் உடலில் பெருகுவதே. எனவே கொசுப் புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். புகை அடித்த பின்னரும் ஊசி போட்ட பின்னரும் மக்கள் மாண்டுகொண்டே இருந்தனர்.

சில ஆராய்ச்சியாளர்க்கு ஐயம் எழுந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவரோ உடல் வலிமையுள்ள ஆடவர். கொசு வீட்டிலுள்ள எல்லாரையும் கடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு உழைத்தவரே மிகுதியாக நோயுற்றனர். கொசு பண்ணையாளையும் அவன் வீட்டுக் குழந்தையையும் பிரித்தறியுமோ? மேலும், மனிதர் விழுமுன்னரே பன்றிகள் உரக்க இருமி நோயுற்றன. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் ஆராய்ச்சியாளர் நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை உயிரணு வளர்ப்பில் இட்டு நோக்கினார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரும் பூதங்கள் போலாயின. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ் இங்ஙனம் செய்வதன்று. அவர் அதனை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டபொழுது, அது தட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த புதியதொரு வைரஸ் என்று தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரப் புறத்தே குதிரைகளையும் அவற்றைப் பழக்கிய ஒருவரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு அது நெருங்கிய உறவு. நோயாளி ஒருவரின் ஊராகிய சுங்கை நிப்பாவின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயரிட்டனர்.

வழி தெரிந்தவுடன் செயலும் மாறியது. இராணுவத்தார் முதலியோர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தனர், நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கொட்டிலில் உழைத்த 11 பேருக்கு நோய் கண்டு, ஒருவர் இறந்தார். சீனர் மிகப் பலர். அவர்களோடு கூலிக்கு உழைத்த இந்தியரும் இருந்தனர். பண்ணை முதலாளிகள் பலர் ஒரே திங்களில் வறியராயினர். பண்ணையாட்களுக்கு இழக்க வேறொன்றும் இருந்ததில்லை. ஆகையால் அவர்களுடைய இழப்பு கணக்கில் ஏறவில்லை.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரத்தடியில் விரிப்புகளைப் பரப்பி அவற்றின் சிறுநீரைச் சேகரித்தும், அவை கடித்துப் போட்ட பழங்களை எடுத்தும் ஆராய்ந்தபொழுது அதே வைரஸ் அவற்றில் கிடைத்தது. பேராக்கில் நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிக் கொட்டில்களின் அருகே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்த மாங்கனி கொட்டிலில் வீழ, பன்றி அதைத் தின்றிருத்தல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். பல்லாயிரம் பன்றிகளை நெருக்கி அடைத்த பெரும் பண்ணையாதலின், புதிது புதிதாகக் குட்டிகள் பிறக்கப் பிறக்க நோய் அணையாமல் நின்றது. நோயுற்ற பன்றிகள் லாரியேறித் தெற்கே விற்பனைக்குச் சென்றபொழுது நோயும் உடன் சென்றது. காண்க: வௌவால் தன் இயல்பின்படி பழம் தின்றது; பன்றி தன் இயல்பின்படி கீழே கிடந்ததைத் தின்றது. மாமரத்தைக் கொட்டிலின் மேல் வளர்த்ததும், இலாபம் கருதி நெருக்கி அடைத்ததும், நோய் கண்ட பன்றியை மறைத்து விற்றதும் மனிதன் செயல்கள்.

'அது பன்றி வளர்ப்போரின் நோய்; நமக்கென்ன?' என்று கூறி ஆறுதல் அடைவது அந்நாளில் எளிதாயிருந்தது. பன்றியை அருவருப்போர் நம்மிடையேயும் உளர். பிற சமயத்தாரிடையேயும் உளர். அருவருப்பு உள்ளவனுக்கு அந்நோய் ஒரு தீர்ப்புப் போலத் தோன்றும். 'தீண்டத்தகாததைத் தீண்டினான், கெட்டான்' என்று சொல்லி அவன் கதவைச் சாத்திக்கொள்வான். தீட்டுக் கொள்கையின் விஞ்ஞானம் இவ்வளவே. அது சரியானதா என்று இயற்கையே ஈராண்டில் காட்டிவிட்டது.

2001-ஆம் ஆண்டில் வங்காள தேசத்தில் அதே நிப்பா நோய் தோன்றியது. பன்றி வளர்ப்பு மிக அருகிய நாடு அது. அங்கே வைரஸுக்கு வழியாக அமைந்தது பேரீச்சை இனத்து மரத்திலிருந்து வடித்த இனிய பதநீர். குளிர்காலத்து இரவில் மரத்தில் கட்டிய கலயத்தருகே வௌவால் வந்து நக்கும், சிறுநீர் கழிக்கும். விடியலில் அப்பச்சைப் பதநீரைச் சிறுவரும் பெரியவரும் பருகுவர். எந்தச் சமய நூலும் விலக்காத, யாரும் தீட்டு என்று சொல்லாத, பிள்ளைக்கு அன்போடு ஊட்டும் பானம் அது. 2018-இல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பகுதியிலும் நிப்பா வந்தது. நம் செய்தித்தாள்கள் அதை நிபா என்று எழுதின. அங்கே பன்றியும் இல்லை, பதநீரும் இல்லை. மருத்துவமனையில் நோயாளியிடமிருந்து மற்றவர்க்குப் பரவியது. நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலி ஒருவரும் உயிர் துறந்தார். தீட்டுப் பார்ப்பவன் பன்றியை விலக்கித் தான் தப்பினதாக எண்ணியிருப்பான். வைரஸோ பதநீர்க் கலயத்தின் வழியாகவும் பாசமுள்ள கையின் வழியாகவும் வரும். கலயத்தின் வாயை மூங்கில் தட்டியால் மூடுங்கள் என்று சொன்னது ஆராய்ச்சி. மூடியவர் பிழைத்தனர். வங்கத்து ஏழைக்கு அது எட்டும் மருந்து. மந்திரமும் வேண்டாம், யாரையும் ஊருக்கு வெளியே வைக்கவும் வேண்டாம்.

'அப்படியானால் வௌவாலே தீண்டத்தகாதது. அதைக் கொன்றொழிப்போம்' என்று இப்பொழுது சிலர் புறப்படுகின்றனர். தீட்டு மனப்பான்மை இங்ஙனந்தான் ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்குத் தாவும். நாம் விரும்பி உண்ணும் டுரியான் பழம் காய்ப்பதற்கு மகரந்தம் சுமந்து கொடுப்போருள் பழந்தின்னி வௌவாலும் ஒன்று. தியோமான் தீவில் ஆராய்ச்சியாளர் இதனை நேரில் கண்டு எழுதியுள்ளனர். நோய் வருவது வௌவால் பிறந்ததனால் அன்று. அதற்கும் நமக்கும் இடையிலிருந்த தொலைவைக் குறைத்ததனால் வருவது. தொலைவை மீண்டும் உண்டாக்குதல் அறிவு. பிறவியை அழிக்கப் புறப்படுதல் வெறி.

மேற்கூறியவற்றிலிருந்து தீட்டையும் தொற்றையும் வேறு பிரித்தறிய மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன.

முதல் அடையாளம்: தொற்று வழியைக் கேட்கும், தீட்டு பிறப்பைக் கேட்கும். தஞ்சையில் ஒருவர் இறந்த செய்தி கடிதத்தில் வந்தால் கிள்ளானில் இருக்கும் பங்காளிக்குத் தீட்டு. அவன் தலை முழுகவேண்டும். கடிதத்தின் வழியாகக் கிருமி வந்ததோ? அதே வேளையில், தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் உழுது, நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த நெல்லில் தீட்டு இல்லை. அவன் கை பட்ட நெல் களஞ்சியத்துள் போகலாம், அவன் போகலாகாது. இது கிருமியைக் கருதிய விதியாயின், கிருமி நெல்லை விட்டு ஆளை மட்டும் பற்றும் மாயம் யாதோ?

இரண்டாம் அடையாளம்: தொற்றுக்கு எல்லா உடம்பும் ஒன்று, தீட்டுக்கு உடம்பு தோறும் வேறு விதி. சாவுத் தீட்டுக்குப் பிராமணனுக்குப் பத்து நாள், க்ஷத்திரியனுக்குப் பன்னிரண்டு நாள், வைசியனுக்குப் பதினைந்து நாள், சூத்திரனுக்கு ஒரு மாதம் என்று மனுநூல் விதிக்கிறது. பிணம் ஒன்றே, நாட்கணக்கு நான்கு. எந்த நுண்ணுயிர் வருணம் கேட்டு நாளை எண்ணுகிறது? நோய்க்குத் தனித்து வைக்கும் நாட்கணக்கோ, நோய் உடலில் மறைந்திருக்கும் காலத்தை அளந்து கண்டது. அது முடிந்தால் ஆள் விடுதலை பெறுவான், பழையபடி மனிதனாவான். சாதித் தீட்டுக்கு முடிவு நாள் குறித்தவர் யாரேனும் உளரோ?

மூன்றாம் அடையாளம்: தொற்றைப் பற்றிய கொள்கை தவறென்று காட்டினால் திருந்தும், தீட்டுக் கொள்கை திருந்தாது. 1999-இல் கொசுவே காரணம் என்று நாடே நம்பிய வேளையில், இல்லை என்று ஓர் ஆராய்ச்சியாளர் சான்று காட்டினார். அரசு தன் வழியை மாற்றிக்கொண்டது. மாற்றத் தாமதித்த ஒவ்வொரு வாரமும் உயிர்கள் போயின என்பதும் மெய்யே. ஆயினும் மாறியது. இன்னாரைத் தொட்டால் கேடு என்ற கொள்கையை எத்தனை ஆயிரம் முறை எத்தனை ஆயிரம் பேர் தொட்டும் கேடு வராமல் பொய்ப்பித்துவிட்டனர்! எந்த ஆசாரக்காரர் அதனால் தம் நூலைத் திருத்தினார்?

இவ்வளவு கூறியதனால், விஞ்ஞானத்தின் பெயரால் செய்தவையெல்லாம் நீதி என்று கொள்ளலாகாது. தொற்று என்று தொடங்கிய தடை தீட்டாக மாறிய கதைகளும் உண்டு. குஷ்டநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டார். அது எளிதில் ஒட்டும் நோயன்று. பெரும்பாலோரின் உடம்பு அதைத் தானே வெல்லும். இருந்தும், 1930-இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பிற்கு நோயாளிகளைச் சட்டப்படி கொண்டுசேர்த்தனர். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தனர். பிற்காலத்தில் நல்ல மருந்து வந்து நோய் தீர்ந்தது. வீட்டுக் கதவு திறக்கவில்லை. உடலில் இருந்த கிருமி செத்தது. உறவினர் உள்ளத்தில் இருந்த தீட்டுச் சாகவில்லை.

நம் பாட்டன்மாரும் இதனை அறிந்தவர்களே. கப்பலின் மேல்தளத்தில் நெருங்கிக் கிடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களைப் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரில் 1874-இல் தடுப்பு நிலையம் அமைந்த செயின்ட் ஜான் தீவிலும் இறக்கிக் காத்திருக்க வைத்தனர். காலராவும் அம்மையும் நகருக்குள் வராமற் காத்தல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அவர்களை ஆட்டு மந்தையைப் போல் அடைத்துக் கொண்டுவந்தது யார்? நோய் வளரும் இடத்தில் மனிதரை வைத்துவிட்டு, நோய் வந்தபின் அம்மனிதரே நோய் என்று சொல்லுதல் எங்ஙனம் அறமாகும்?

அது பழங்கதை என்று எண்ணற்க. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா நோய் புகுந்தது. அங்கே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கியிருந்தனர். தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர் அவர்களுள் ஏராளம். ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும் இருந்த விடுதிகள் அவை. அவ்வாண்டு டிசம்பருக்குள் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. அரசு அவர்களுக்கு மருத்துவமும் உணவும் கூலியும் கிடைக்க ஏற்பாடு செய்தது. இறந்தோர் மிகச் சிலரே. இது பாராட்டுக்குரியது. ஆனால் நகரத்தார்க்குக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னரும் அவர்களுக்கு நெடுநாள் தளரவில்லை. இன்னும் வருந்தத்தக்கது, அவர்களுடைய துப்புரவின்மையும் உண்ணும் பழக்கமுமே காரணம் என்று சிலர் வாய் கூசாமல் எழுதியது. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் விடும் மூச்சுக்குத் துப்புரவு என்ன செய்யும்? அறையைக் கட்டியவர் அவர்களா? தொற்றின் கேள்வி அறையின் அளவைப் பற்றியது. எழுதியவர்களின் கேள்வியோ ஆளின் பிறப்பைப் பற்றியது. தீட்டு ஆங்கிலம் கற்று நகரத்தில் வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பெயரிலும் இவ்வநீதி ஒட்டிக்கொள்கிறது. சுங்கை நிப்பா ஒரு சிற்றூர். அங்குள்ளார் செய்த குற்றம் ஒன்றுமில்லை; அவ்வூர்ப் பெயரோ உலகெங்கும் கொடுநோயின் பெயராயிற்று. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊரின் பெயரையோ மக்களின் பெயரையோ விலங்கின் பெயரையோ இடவேண்டாமென்று அறிவுரை கூறியது. விஞ்ஞானம் தன் மேல் ஒட்டிய தீட்டைத் தானே கண்டு கழுவ முயல்கிறது. அம்முயற்சியே அதன் பெருமை.

இறுதியாக, கடமை யாது? ஊர் நலமாயிருக்க வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் அழுக்கைத் தொட்டேயாக வேண்டும். செத்த மாட்டை ஒருவர் அகற்ற வேண்டும். சாக்கடையில் ஒருவர் இறங்க வேண்டும். நோயாளியின் வாந்தியை ஒருவர் துடைக்க வேண்டும். நோயுற்ற பன்றியை ஒருவர் பிடித்துக் குழியில் தள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவனுக்கு ஒரு கொடுங்காய்ச்சல் வருமென்பதை மலாயாவில் 1920-களிலேயே வில்லியம் ஃபிளெச்சர் முதலிய ஆராய்ச்சியாளர் அறிந்திருந்தனர். அறிந்தபின் செய்யத்தக்கது அவன் காலுக்குப் பூட்சு கொடுப்பது. நம் சமுதாயம் செய்தது யாது? நம் பொருட்டு ஆபத்தைத் தொட்டவனையே ஆபத்து என்றது. அவன் கையில் கையுறை கொடுக்காமல் அவன் பிறப்பில் முத்திரை குத்தியது. காவற்காரனைக் கள்வன் என்று தூற்றிய நன்றிகெட்ட செயல் இது. தீட்டின் கொடுமை அது பொய் என்பதோடு முடிவதில்லை. நன்றி செலுத்த வேண்டிய இடத்தில் அருவருப்பை வைத்தது என்பதே அதன் பெருங்கொடுமை.

ஆகவே தோழர்களே! நோய்க்கு அஞ்சுவது இழிவன்று; அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமையே. கை கழுவுங்கள், குடிநீரைக் காய்ச்சுங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், காய்ச்சல் கண்டால் தனித்திருங்கள். ஆனால் ஒருவரிடமிருந்து விலகி நிற்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் விலகுவது எந்த வழியை அடைக்க? எத்தனை நாளைக்கு? இவருடைய இடத்தில் என் அண்ணன் இருந்தால் இப்படியே விலகுவேனா? விலகி நிற்கும் நாளில் இவருக்குச் சோறு கொடுப்பவர் யார்? இவற்றிற்கு விடை இருந்தால் நீங்கள் செய்வது தொற்றுக் காப்பு. விடை இல்லையாயின் அது பழைய தீட்டே. அதற்கு எந்த விஞ்ஞானத்தின் பெயரையும் இட்டு அழைக்காதீர்கள்.